அம்மாவின் போனுக்குப் போன என் ரிப்போர்ட்

டொரொன்டோவில் என் ஃபமிலி டொக்டர் ஓய்வுபெற்று ஒன்றரை வருடம், இன்னும் வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆனால் கடிதம் மட்டும் ஒழுங்காக வந்தது: ஒன்ராறியோவில் 2025 மார்ச்சிலிருந்து கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காகப் பெண்களுக்குச் செய்யும் பழைய பாப் டெஸ்டுக்குப் பதில், எச்பிவி என்ற வைரஸைத் தேடும் டெஸ்டாம், 25 வயதிலிருந்து 69 வரை, ஒன்றுமில்லை என்று வந்தால் பொதுவாக 5 வருடத்துக்கு ஒருமுறை போதுமாம். சரி, ஊருக்குப் போகிறேன் தானே, அங்கேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். கொழும்பில் பெண்களைப் பரிசோதிக்கும் அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக்கில் காசில்லை, ஆனால் அவர்கள் முக்கியமாகக் கூப்பிடுவது 35, 45 வயதுக்காரரை. எனக்கு 41. ஆகவே வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு தனியார் இடம். காலையில் போன் பண்ணினேன், பின்னேரமே நம்பர் 7. கனடாவில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

கவுண்டரில் இருந்த பிள்ளை "மிஸ்ஸா, மிஸிஸ்ஸா?" என்று பின்னால் நிற்கிற வரிசைக்கும் சேர்த்துக் கேட்டது. அதை விடுங்கள், எதிர்பார்த்ததுதான். பிறகு போன் நம்பர். கனடா நம்பரைச் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் எடுக்காது மிஸ். 07 எண்டு தொடங்கோணும்."

"அப்ப ஈமெயில்?"

"ஈமெயில் போட இடமிருக்கு. ஆனா நாங்கள் அதுக்கு அனுப்புறேல்லை."

அனுப்பாத ஈமெயிலுக்கு எதற்கு இடம் என்று கேட்க வாய்வரை வந்தது. பின்னால் ஒரு அன்டி இருமினார். அம்மாவின் நம்பரைக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில்தான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

டெஸ்ட் இரண்டு நிமிஷம். வயதான நர்ஸ் ஒருவர், "மூச்சை விடுங்கோ மகள்" என்றார், அதே நேரம் கடலோரத்தால் ரயில் போனது, தட்டிலிருந்த சாமான் எல்லாம் கிணுகிணுத்தது, முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் நான் புறக்கோட்டையில் சட்டைத்துணி பார்த்துக்கொண்டு நிற்கிறேன். லண்டனிலிருந்து சித்தி அழைக்கிறார். குரல் செத்தவீட்டுக் குரல். "ஒண்டுக்கும் யோசிக்காதை பிள்ளை, இப்ப அதுக்கெல்லாம் நல்ல மருந்திருக்கு." எதுக்கு என்று கேட்டால் பதில் இல்லை. அடுத்தது யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா, அவர் நல்லூரில் அர்ச்சனைக்கே சொல்லிவிட்டார். ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தால் அம்மா குசினிக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறா. போனில் ஒரு எஸ்எம்எஸ்: என் பெயர், எச்பிவி டிஎன்ஏ, ரிப்போர்ட் ரெடி. அவ்வளவுதான். அம்மா அதை எச்ஐவி என்று வாசித்திருக்கிறா.

கனடாவில் என் ரத்த ரிப்போர்ட்டைப் பார்க்க எனக்கே பாஸ்வேர்ட் மறந்துபோகும். இங்கே நான் பார்க்க முதலே விஷயம் லண்டன் போய்விட்டது.

அம்மாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? இது அது இல்லை, அநேகமானோருக்கு ஏதோ ஒரு வயதில் வந்து, ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே போய்விடும், போகாமல் நெடுகத் தங்கினால்தான் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு வழி என்றெல்லாம் சொன்னேன். "அப்ப எப்பிடி வாறது?" என்று கேட்டா. கல்யாணம் கட்டாத 41 வயது மகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் அக்காவின் மகள்தான் காப்பாற்றினாள். 2017இலிருந்து பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்குப் போடுகிறார்களே, அவளுக்கும் போட்டார்களே, அந்த ஊசிக்குரிய வைரஸ்தான் என்றேன். "ஓ, அந்த ஊசியோ" என்று அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டா.

ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தது நான் மட்டும்தான். அந்த வைரஸில் வகை 16 இல்லை, 18 இல்லை, ஆபத்தான மற்ற 12 வகையும் இல்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் நூற்றுக்கு 70 அளவில் அந்த முதல் இரண்டாலும்தான் வருகிறது. பெரியம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன், அர்ச்சனை வேலை செய்துவிட்டதாம்.

திரும்பி வந்து மூன்று கிழமை. அந்த இடத்திலிருந்து அம்மாவின் போனுக்கு இன்னும் எஸ்எம்எஸ் வருகிறது, எலும்பு ஸ்கானுக்குக் கழிவாம், பல்லுக்குக் கழிவாம். ஒவ்வொன்றையும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பி, "இது என்ன வருத்தம்?" என்று கேட்கிறா.