சம்–எனி வாய்பாடா, நம்ம ‘யாரும்’ போதுமா?

அக்கா மகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். ஹட்டனில் அவள் போகும் ஆங்கில டியூஷன் வகுப்பில் ஒரு வாய்பாடு கொடுத்திருந்தார்கள்: நேர் வாக்கியத்துக்கு ‘சம்’ (some), எதிர்மறைக்கும் கேள்விக்கும் ‘எனி’ (any). ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் ஆகிவிடும், இடைவெளி நிரப்பும் கேள்விகளுக்குக் கைகொடுக்கும். வேகத்தில் அதை மிஞ்ச முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒருநாள் அவள் கொப்பியைப் பார்த்தேன். ‘பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) யாரும் வரவில்லை’ என்பதற்கு ‘எனிபடி டிட் நொட் கம்’ என்று எழுதியிருந்தாள்.

“எதிர்மறைக்கு எனிதானே மாமா?”

அவள் வாய்பாட்டை மீறவில்லை. பிழையே அதிலிருந்துதான் வந்தது. அன்றோடு அதை ஓரங்கட்டிவிட்டு, தமிழ்ச் சொல்லின் வாலைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

‘யாரோ வந்தார்’ என்றால் வந்தது உறுதி, ஆள்தான் தெரியவில்லை. அது ‘சம்படி’. இதில் சிக்கல் கிடையாது. விஷயம் ‘யாரும்’ என்பதில் இருக்கிறது. தமிழில் மறுப்பு முழுவதையும் வினைச்சொல்லே சுமக்கிறது. ‘யாரும்’ என்பதில் மறுப்பே இல்லை. ‘யாரும் வரலாம்’ என்றும் சொல்கிறோமே! அதனால் ஒரே ஒரு கேள்வி: அந்த ‘யாரும்’ எழுவாயா? எழுவாய் என்றால் ‘இல்லை’யை வினையிலிருந்து பிடுங்கி முன்னால் ஒட்டு: ‘நோபடி கேம்’. வினையில் மறுபடியும் ‘நொட்’ போட்டால் இரட்டிப்பு. எழுவாய் இல்லையென்றால் ‘நொட்’ வினையிலேயே இருக்கட்டும். ‘யாரையும் பார்க்கவில்லை’ என்பது ‘டிட் நொட் சீ எனிபடி’. ‘இல்லை’யே வராத ‘யாரும் வரலாம்’ நேராக ‘எனிபடி கேன் கம்’. வாய்பாட்டை நம்பினால் இங்கே ‘சம்படி’ போட்டு அர்த்தத்தையே மாற்றியிருப்பாள்.

வீட்டுக்கு வந்தவரிடம் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பதும் அப்படித்தான். கேள்விதான், ஆனாலும் உபசரிப்பு என்பதால் ‘சம் டீ’ என்பதே வழக்கம். கேள்விக்கு ‘எனி’ என்று மட்டும் படித்த பிள்ளை இங்கேயும் தடுமாறும்.

‘மெனி’, ‘மச்’ இரண்டுக்கும் எந்த வழியும் ஒன்றுதான். கூடையை எண்ணலாம், அதற்கு ‘மெனி’; தேயிலைத் தூளை நிறுக்கத்தான் வேண்டும், அதற்கு ‘மச்’. அவ்வளவு.

என் வழியிலும் ஓட்டை உண்டு. ‘யாராவது’ இரண்டு பக்கமும் சாயும்: ‘யாராவது வந்தார்களா?’ என்றால் பெரும்பாலும் ‘எனிபடி’, ‘யாராவது உதவி செய்யுங்கள்’ என்றால் ‘சம்படி’. ‘எதுவும்’ எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் உருவம் மாறாது. நடந்தது எது, செய்தது யார் என்று நின்று யோசிக்க வேண்டும். ‘எ ஃபியூ’வையும் வெறும் ‘ஃபியூ’வையும் பிரிக்க, ‘கொஞ்சப் பேர் வந்தார்கள்’, ‘கொஞ்சப் பேர்தான் வந்தார்கள்’ என்று ஒரு ‘தான்’ சேர்த்துக் காட்டுகிறேன். இதுவரை சரியாக வருகிறது. ஆனால் நான் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பிள்ளைக்குத்தான், அடித்துச் சொல்ல மாட்டேன்.

தமிழ் காலைவாரும் இடம் ‘எவ்ரிபடி’. ஆங்கிலத்தில் அதற்கு ஒருமை வினைதான் வரும். நம்முடையதோ ‘எல்லாரும் வந்தார்கள்’ என்று பன்மையிலேயே பழகிய நாக்கு. ‘ஒவ்வொரு பிள்ளையும் வந்தது’ என்று ஒருமையில் நினைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

போன கிழமை கட்டுரையில் ‘ஐ டிட் நொட் டெல் எனிபடி’ என்று சுத்தமாக எழுதியிருந்தாள். இரண்டு வரி தள்ளி, ‘எவ்ரிபடி வேர் ஹேப்பி’. சிவப்புப் பேனாவை எடுத்தேன். வட்டம் போடும் முன்பே, “ஐயோ, ஒவ்வொரு பிள்ளையும்!” என்று கொப்பியைப் பறித்துக்கொண்டாள்.