கர்சரோடு நாலு வருடம்: தோட்டத்துச் சம்பளக் கணக்கில் பட்டது

தைப்பிங் நண்பர் போன வாரம் கேட்டார், "சம்பளக் கணக்கை மைஎஸ்க்யூஎல் புரொசீஜரில் எழுதலாமா? கர்சரை நம்பலாமா?" மைஎஸ்க்யூஎல் ஒரு தரவுத்தளம், புரொசீஜர் அதற்குள் எழுதி வைக்கும் நிரல், கர்சர் அதில் வரிசைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் கருவி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீஸில் நாலு வருடமாகக் கர்சரோடுதான் சம்பளக் கணக்கை ஓட்டுகிறேன்.

எனக்கு எரிச்சல் எல்லாம் 'நாட் ஃபவுண்ட்' ஹேண்ட்லர் மேல்தான், அதாவது வரிசை கிடைக்காதபோது என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கும் பகுதி. கர்சரில் வரிசை தீர்ந்தால் 'தரவு இல்லை' என்னும் 02000 நிலை வரும், ஹேண்ட்லர் 'முடிந்தது' என்று குறிக்கும், லூப் நிற்கும். லூப்புக்குள் ஒரு 'செலக்ட் இன்டு' (டேபிளில் தேடி மதிப்பை வேரியபிளில் போடும் கட்டளை) வெறுங்கையோடு திரும்பினாலும் அதே நிலை, அதே ஹேண்ட்லர்!

முதல் வருடம், 112 பேர் சம்பளம். 38ஆவது ஆள் முன்பணமே வாங்காதவர், முன்பண டேபிளில் அவர் பேர் இல்லை. வரிசை கிடைக்காவிட்டால் வேரியபிளில் பழைய மதிப்பு அப்படியே நிற்கும். முந்தின ஆளின் 200 ரிங்கிட் இவருக்குக் கழிந்தது. அப்புறம் லூப் நின்றுவிட்டது, மீதி 74 பேருக்குச் சம்பளச் சீட்டே இல்லை. பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. அந்த 38ஆவது ஆள், குலை வெட்டும் அண்ணன், சீட்டை நீட்டி, "நான் எப்ப தம்பி அட்வான்ஸ் வாங்குனேன்?" என்றார். சட்டப்படி 7ஆம் தேதிக்குள் சம்பளம் போயாக வேண்டும். அன்று 6.

லூப்புக்குள் தனி பிகின்-எண்ட் தொகுதி போட்டு, அதற்கென ஒரு ஹேண்ட்லர் வைத்து, முன்பணம் பூஜ்யம் என்று எழுதியதும் சரியானது. சொன்னதைத்தான் மைஎஸ்க்யூஎல் செய்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த அண்ணன் முகம் மறக்கவில்லை.

பிழை கையாளும் பக்கம் மட்டும் தங்கம். ஒருமுறை அதே மாதத்தை இரண்டாம் தடவை ஓட்டிவிட்டேன். ஒரே பதிவு இரண்டு முறை நுழையாமல் தடுக்கும் யூனிக் கீ இருந்ததால் 1062 பிழை எழுந்தது, பிழை வந்ததும் வேலையை நிறுத்தும் எக்சிட் ஹேண்ட்லர் எல்லாவற்றையும் ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்பியது. ஒரு சென் மாறவில்லை. ரோல்பேக்குக்குப் பின்னால் பிழையை மீண்டும் வெளியே சொல்லும் 'ரீசிக்னல்' போட மறக்காதீர்கள், மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஹேண்ட்லர் பிழையை விழுங்கிவிடும், வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்வோம்.

நாலு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் தவறியது. இருந்தும் நண்பருக்கு என் பதில், கர்சர் வேண்டாம். லெஃப்ட் ஜாயினோடு (முன்பணம் இல்லாதவரையும் விடாமல் இரண்டு டேபிளைச் சேர்ப்பது) எல்லோருக்கும் ஒரே கட்டளையில் பதியும் ஒரு 'இன்சர்ட் செலக்ட்' போதும். இந்த மாதச் சம்பளம் போனதும் என்னுடையதையும் அப்படி மாற்றி எழுதப்போகிறேன்.