டெல்டா பம்ப்செட் இன்வெர்ட்டருக்கு எந்த ஐ.ஜி.பி.டி.?

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அதற்கு முன்பே போர்த் தண்ணீரை நம்பி குறுவைக்கு நாற்றங்கால் விடும் மன்னார்குடிப் பக்கத்து வயல்களில் சோலார் பம்ப் பகல் முழுக்க ஓடும். இன்வெர்ட்டரின் சூட்டை வெளியே தள்ளும் உலோக ஹீட்சிங்கில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பெரும்பங்கு உள்ளே நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஆன்-ஆஃப் ஆகும் மின்னணு சுவிட்சுகளான 1200 வோல்ட் ஐ.ஜி.பி.டி.க்கள் தின்னும் மின்சாரம்தான்.

ஐ.ஜி.பி.டி.யில் பழைய பஞ்ச்-த்ரூ வகையை விட்டுவிடலாம். சூடானால் அதன் மின்னழுத்த இழப்பு குறையும். இணையாகப் போட்டால் சூடான சில்லே மேலும் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு வெடிக்கும்.

உண்மையான போட்டி நான்-பஞ்ச்-த்ரூவுக்கும் ஃபீல்ட்-ஸ்டாப்புக்கும்தான். முன்னதில் மின்புலம் சிலிக்கானுக்குள்ளேயே அடங்க வேண்டும். அதனால் வேஃபர் எனும் சிலிக்கான் தகடு 200 மைக்ரான் அளவுக்குத் தடிமன், சூட்டில் இழப்பு 3 வோல்ட்டைத் தொடும். ஃபீல்ட்-ஸ்டாப்பில் பின்புறத்து மெல்லிய என்-அடுக்கு மின்புலத்தை நிறுத்திவிடுவதால் 120 மைக்ரானே போதும். இழப்பு 2 வோல்ட்டுக்கு வந்துவிடும். உள்ளே தேங்கும் மின்னூட்டமும் குறைவு. ஆஃப் செய்யும்போது இழுத்துக்கொண்டே வரும் வால் மின்னோட்டம் சீக்கிரம் அறுந்துவிடும்.

5 ஹெச்.பி. மோட்டார் பேஸுக்கு 8 ஆம்பியர் எடுக்கும். மூன்று பேஸிலும் சராசரி 7.2 ஆம்பியர், எல்லாமே ஐ.ஜி.பி.டி. வழியே போவதாகக் கொண்டால் நான்-பஞ்ச்-த்ரூவின் 65 வாட் இழப்பு ஃபீல்ட்-ஸ்டாப்பில் 43 ஆகும். மிச்சம் 22 வாட். ஆனால் கேரியர் ஃப்ரீக்வென்சியை, அதாவது சுவிட்ச் நொடிக்கு எத்தனை முறை ஆன்-ஆஃப் ஆகிறது என்பதைக் கவனியுங்கள். உச்ச மின்னோட்டத்தில் ஒரு சுவிட்சிங்குக்கு 2 மில்லிஜூல் என்று வைத்தால், 4 கிலோஹெர்ட்ஸில் ஆறு சுவிட்சுகளுக்கும் சேர்த்து 15 வாட், 16-ல் 61 வாட். நல்ல சில்லு வாங்கி மிச்சப்படுத்தியதைப் போல இரண்டு மடங்கை ஒரு பாராமீட்டர் விழுங்கிவிடும். கேரியரை ஏற்றுவது மோட்டார் கூவாமல் இருக்கத்தான். நீர்மூழ்கி மோட்டாரோ 200 அடிக்குக் கீழே கிடக்கிறது, அதன் கூவல் யார் காதில் விழப்போகிறது? 4-ல் வைத்தால் போதும்.

ஐ.ஜி.பி.டி.க்குப் பதிலாகப் போடக்கூடிய புது வகை சுவிட்சான சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் காலை, மாலை இளவெயிலில் குறைந்த மின்னோட்டம் ஓடும்போது உண்மையிலேயே மிச்சம் தரும், மின்னோட்டம் எவ்வளவு குறைந்தாலும் ஐ.ஜி.பி.டி.யில் குறையாமல் நிற்கும் தொடக்க மின்னழுத்த இழப்பு அதில் இல்லை. ஆனால் 4 கிலோஹெர்ட்ஸில் அதன் வேகம் வீண். அந்த வேகம் நீண்ட கேபிளில் எதிரொலித்து மோட்டார் வைண்டிங்கின் இன்சுலேஷனைத் தாக்கும். அதைத் தணிக்க வெளியீட்டு ரியாக்டர் எனும் சுருள் வேண்டும், சுவிட்சை இயக்கும் கேட் டிரைவர் சர்க்யூட்டையும் மாற்ற வேண்டும். ஷார்ட் ஆனால் 2–3 மைக்ரோ நொடிக்குள் அணைக்க வேண்டும். ஐ.ஜி.பி.டி.யோ 10 வரை தாங்கும். பம்ப்புக்கு எங்கள் தேர்வு ஃபீல்ட்-ஸ்டாப்தான்.

பழைய நான்-பஞ்ச்-த்ரூ இருந்த இடத்தில் இதை அப்படியே சொருகாதீர்கள். மின்னோட்டம் சட்டென்று அறுவதால் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் 600 வோல்ட் டி.சி. பஸ்ஸின் மேல் மின்னழுத்தம் நொடிப்பொழுது முள் போல எழும்பும். முதலில் அணையும் வேகத்தைக் குறைக்க ஆஃப் கேட் ரெசிஸ்டரின் ஓம் மதிப்பைக் கூட்டுங்கள். ஐ.ஜி.பி.டி.க்கள் அடங்கிய மாட்யூலின் முனைகளுக்கு ஒட்டியே ஃபிலிம் கெபாசிட்டர் போடுங்கள். முழுச் சுமையில் ஆஸிலோஸ்கோப்பில் முள் 1000 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கேட் முனைக்குத் தரும் மின்னழுத்தம் 15 வோல்ட்டிலிருந்து குறைந்து 12-க்கு வந்தால் இழப்பு ஏறி, சில்லு வாங்கியதே பயனற்றுப் போகும்.

மாட்யூலைக் கழற்றும்போது அதற்கும் ஹீட்சிங்குக்கும் இடையே சூடு கடத்தத் தடவிய பேஸ்ட்டைப் பாருங்கள். உலோகம் லேசாகத் தெரியும்படி மெல்லிய படலமாக இருக்க வேண்டும். வெண்ணெய் போல வரப்பு கட்டி நின்றால் அங்கே சூடு இறங்கவில்லை. ஹீட்சிங்கின் துடுப்புகளுக்கு இடையே நெல் தூசும் குளவி கட்டிய மண்ணும் அடைத்திருந்தால் அதைத் தட்டி எடுத்த பிறகே புது மாட்யூலைப் பூட்டுங்கள்.