எண்பது வயதில் தோல் புற்றுநோய்: முப்பது நாள் கரண்டா, ஐந்து நாள் போதுமா?

வேதாரண்யம் பக்கம் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். மூக்கோரத்தில் ஆறாத புண். சதை எடுத்துச் சோதித்ததில் தோல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. 2020 மார்ச் 25 ஊரடங்குக்குப் பிறகு, பஸ் இல்லாமல், மாவட்டம் தாண்ட இ-பாஸ் தேவைப்பட்ட நேரத்தில் அந்தக் குடும்பம் என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்த பெருந்தொற்றுக்கும் இதே கேள்வி வரும் என்பதால், இருக்கும் வழிகளை, அதாவது காத்திருப்பது, அறுவை, கரண்ட் என்று நம் ஊரில் சொல்லும் கதிர்வீச்சு ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் வழி, தொற்று அடங்கும்வரை காத்திருப்பது. இது புற்றின் வகையைப் பொறுத்தது. பேசல் செல் வகை மெதுவாக வளரும், வேறு இடத்துக்குப் பரவுவது மிக அரிது. கண்ணுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் சில மாதம் தள்ளலாம். ஸ்குவாமஸ் செல் வகை அப்படியில்லை. நெறிகட்டும் இடங்களுக்குப் பரவக்கூடியது. பழைய தீக்காயத் தழும்பிலும் வருடக்கணக்கில் ஆறாத கால் புண்ணிலும் கிளம்புவது பெரும்பாலும் இந்த வகைதான். அதைத் தள்ளிப்போடக் கூடாது. உள்ளங்காலில் பரவும் கரும்புள்ளி மெலனோமா என்ற இன்னொரு வகைத் தோல் புற்றாக இருக்கலாம். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்கள் முள் குத்திய தடம் என்று விட்டுவிடுவார்கள். அதற்கு முதல் சிகிச்சை அறுவைதான், கரண்ட் அல்ல.

அடுத்தது அறுவை. சிறிய புண் என்றால் மரத்துப்போகும் ஊசி போட்டு வெட்டி, தையல் போட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். முகத்தில் வரும் பேசல் செல் புற்றுக்கு அறுவையையும் கதிர்வீச்சையும் ஒப்பிட்டு 1997-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 347 பேர் இருந்தார்கள். நான்கு ஆண்டுகளில் அறுவை பலிக்காமல் போனது 0.7 சதவீதம், கதிர்வீச்சு பலிக்காமல் போனது 7.5 சதவீதம். ஆகவே எளிதாக வெட்டக்கூடிய இடமாக இருந்தால் என் ஓட்டு அறுவைக்கே. ஆனால் இமை, மூக்கு நுனி போன்ற இடங்களில் வெட்டினால் வேறு இடத்துத் தோலை எடுத்து மூட வேண்டிவரும். எண்பது வயது உடம்புக்கு அது பெரிய வேலை.

அங்கேதான் கரண்ட் வருகிறது. அதிலும் இரண்டு வழி. வழக்கமான முறையில் வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், சுமார் முப்பது சிட்டிங். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் சுமார் 100 கிலோமீட்டர். போக வர தினம் 200 என்றால் மொத்தம் 6,000 கிலோமீட்டர். முதலமைச்சர் காப்பீட்டில் புற்றுநோய்க் கதிர்வீச்சு அடங்கும். வாடகைக் கார் அடங்காது. போதாததற்கு மூக்கில் கரண்ட் வைக்கும்போது முகக்கவசத்தைக் கழற்றியாக வேண்டும், அதுவும் முப்பது முறை.

குறுகிய முறையில் 35 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை ஐந்து சிட்டிங்கில் கொடுத்து முடிக்கலாம். மிகச் சிறிய புண்ணுக்கு 18 முதல் 20 கிரே வரை ஒரே சிட்டிங்கில் கொடுப்பதும் உண்டு. இவை கொரோனாவுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல, வயதானவர்களுக்கு முன்பிருந்தே நடைமுறையில் இருப்பவை. சரி, அப்படியானால் எல்லோருக்கும் ஏன் இதையே தருவதில்லை? ஒரு சிட்டிங்கில் அளவு கூடக்கூட, பிற்காலத்தில் அந்த இடத்துத் தோல் வெளுத்து, மெலிந்து, சிறு ரத்தக்குழாய்கள் தெரியும் வாய்ப்பும் கூடும். அது வருடங்கள் கழித்து வருவது. ஐம்பது வயதுக்காரர் அதற்குக் கவலைப்பட வேண்டும். எண்பத்தைந்து வயதானவருக்கு, முப்பது நாள் அலைச்சலும் தொற்றுப் பயமும்தான் பெரிய ஆபத்து. அதனால் அறுவை ஒத்துவராத முகப்புண் என்றால் நான் ஐந்து சிட்டிங்கைத்தான் தேர்ந்தெடுப்பேன். டாக்டர் ஆறு வாரம் என்றால், "ஐயா, குறைந்த சிட்டிங்கில் முடிக்க முடியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தூரத்தைச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

கால் மட்டும் விதிவிலக்கு. முழங்காலுக்குக் கீழே, அதுவும் சர்க்கரையும் கால் வீக்கமும் உள்ளவருக்கு, கரண்ட் வைத்த இடம் ஆறுவது கஷ்டம். அங்கே பெரிய அளவுகள் வேண்டாம். அறுவை முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஐந்து சிட்டிங் முடிந்த பிறகும் சில வாரம் அந்த இடம் சிவந்து, பொருக்குத் தட்டி, மோசமானதுபோலத் தெரியும். அதற்குப் பயந்து உடனே காரைப் பிடிக்க வேண்டாம். போனில் படம் எடுத்து அனுப்பிக் கேட்கலாம். சீழ், காய்ச்சல், நிற்காத ரத்தம் என்றால் மட்டும் நேரில் போய்விடுங்கள்.