இலங்கை மலையகத்தில் நண்பர்களோடு ஒரு வாரம் நடக்க: பெக்கோ பாதையா, நக்கிள்ஸா, அப்புத்தளையில் தங்கலா?

நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து இலங்கை மலையகத்தில் ஒரு வாரம் நடக்கலாம் என்று பேச ஆரம்பித்தால் பேச்சு கடைசியில் மூன்று இடங்களுக்குள் வந்து நிற்கும்: பெக்கோ பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடர், அல்லது அப்புத்தளையில் அறை எடுத்துத் தங்கி தினமும் ஒரு பக்கம் நடப்பது. மூன்றுமே அருமையான இடங்கள். ஆனால் கூட்டமாகப் போகும்போது எந்த மலை அழகு என்று மட்டும் பார்த்தால் போதாது, மத்தியான வெயிலில் ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால் அவரை எப்படி அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றும் பார்க்க வேண்டும். நான் மூன்றையும் அதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதலில் பெக்கோ பாதை. கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று பெரிய வளைவாகச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். ஒரு வாரத்தில் இதை முழுக்க நடக்க முடியாது, நடக்கவும் தேவையில்லை. ஐந்து கட்டங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். புதிதாகக் காட்டை வெட்டிப் போட்ட பாதை இல்லை இது; பிரிட்டிஷ் காலத்தில் தோட்டத்திலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து ரயிலடிக்கும் தேயிலை போன பழைய வண்டிப்பாதைகளைக் கோத்து எடுத்தது. அதனால்தான் ஏற்றம் பெரும்பாலும் மெதுவாக வருகிறது, அதனால்தான் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஒரு லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), ஒரு கடை, ஒரு மாரியம்மன் கோயில் வருகிறது. முடியாதவர் எந்தத் தோட்டத்துக் கடையிலும் உட்கார்ந்து பால் இல்லாத ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு ஓட்டோ பிடித்து அடுத்த ஊருக்குப் போய்விடலாம், மற்றவர்கள் நடந்து வந்து சேர்ந்துகொள்ளலாம். பெரிய பைகளையும் அதே ஓட்டோவில் ஏற்றிவிட்டால் முதுகில் தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும்தான்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தப் பாதை தருவதை வேறு எந்த நடைப்பாதையும் தராது. வழி கேட்டால் தமிழிலேயே பதில் வரும், கூடவே எந்த ஊர், ஊரில் மழை உண்டா என்ற விசாரிப்பும் வரும். ஆரம்பக் கட்டங்களில் லூல்கந்துர தோட்டம் வருகிறது, 1867-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் முதன்முதலாக வணிகத்துக்காக 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து நடத்திக் கூட்டிவரப்பட்டவர்களின் வாரிசுகள்தான் இன்றும் இந்த மலைகளில் கொழுந்து பறிக்கிறார்கள். 1964-ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியதில் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு லயத்து வாசலில் பத்து நிமிடம் பேசினால் கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருக்கும் சித்தப்பா வீட்டைப் பற்றிய பேச்சு வந்துவிடும். ஆனால் லயம் என்பது வீடு, அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், கொழுந்து பறிக்கும் நேரத்தில் அவர்களை நிறுத்தி வைக்காதீர்கள், பறித்த கொழுந்தின் எடை குறைந்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம். மாசி மாதம் போனால் சில தோட்டங்களில் இரவு, மன்மதன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும், யாராவது கூப்பிட்டால் தூக்கத்தை விட்டுவிட்டுப் போங்கள்.

குறையும் உண்டு. சில இடங்களில் நிழலே இல்லை, சில கட்டங்களில் தார் ரோட்டில் நடக்க வேண்டியிருக்கும், நடுக் கட்டங்களில் தங்கும் இடம் குறைவு, ஆறு பேருக்கு ஒரே வீட்டில் அறை கிடைப்பது கஷ்டம். முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

நக்கிள்ஸ் இதற்கு நேர் எதிர். காடு, மேகம், ஓடை, அட்டை. 2010-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் மத்திய மலைநாடு சேர்ந்தபோது ஹோர்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் இதுவும் சேர்ந்தது. தனியாக நின்று மலையைப் பார்க்கும் உணர்வு வேண்டுமென்றால் மூன்றில் இதுதான் முதல் இடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது, மீமுரே போன்ற கிராமங்களுக்குப் போய்ச்சேரும் ரோடே ஒரு சோதனை, காட்டுக்குள் இறங்கிய பிறகு பாதியில் விலகிக்கொள்ள வழி கிடையாது. எல்லோரும் ஒரே வேகத்தில் நடக்கிற கூட்டமென்றால் தாராளமாகப் போகலாம். ஒருவர் மெதுவென்றால் மற்ற எல்லோருடைய நாளும் அவருடைய வேகத்தில்தான் போகும், மாலையில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். நட்புக்கு நல்லதில்லை.

அப்புத்தளை சோம்பேறிகளுக்கானது என்று சிலர் நினைக்கிறார்கள், ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊரே ஒரு மலைமுதுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. தம்பேதென்ன தேயிலை ஆலையிலிருந்து லிப்டன் சீட் என்ற காட்சிமுனைக்குத் தேயிலைக்கு நடுவே சுமார் 7 கிலோமீட்டர் ஏற்றம், காலையிலேயே கிளம்ப வேண்டும், மேகம் ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது. இன்னொரு நாள் இருட்டிலேயே வான் பிடித்து ஹோர்டன் சமவெளி; வட்டப்பாதை 9 கிலோமீட்டர் போல, அதில் வரும் 'உலக முடிவு' (World's End) என்ற மலை விளிம்பில் பாறை ஏறக்குறைய 870 மீட்டர் செங்குத்தாக இறங்குகிறது, பத்து மணிக்கு மேல் அங்கே வெள்ளை மேகத்தைத்தான் பார்க்கலாம். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் கனமானது, ஆனால் வான் செலவை ஆறு பேர் பங்கிட்டால் அதுவாவது தாங்கும். இந்த முறையின் பெரிய வசதி, நடக்க விரும்பாதவர் அன்றைக்கு அறையில் படுத்துப் புத்தகம் படிக்கலாம், ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்று சேர்ந்துவிடலாம். தினமும் போன வழியே திரும்பி வருவதுதான் எனக்குப் பிடிக்காதது.

சிவனொளிபாதமலையை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2,243 மீட்டர், மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை சீசன், நல்லதண்ணியிலிருந்து ராத்திரி முழுக்கப் படி ஏறுவது. அது ஒரு இரவு யாத்திரை. ஹட்டன் பக்கம் நடக்கிறவர்கள் கூடச் சேர்த்துக்கொள்ளலாம், மறுநாள் மட்டும் நடை வைக்காதீர்கள்.

சரி, எதை எடுப்பது? ஐந்து பேர்வரை, தினமும் 15 கிலோமீட்டர் நடக்கத் தயார் என்றால் பெக்கோ பாதையில் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ பக்கத்துக் கட்டங்கள், ஜனவரி முதல் மார்ச்சுக்குள். மே முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். ஜூன், ஜூலையில்தான் லீவு கிடைக்கிறது என்றால் மலையின் கிழக்குச் சரிவுக்கு, அதாவது அப்புத்தளை, எல்ல பக்கத்துக் கட்டங்களுக்குப் போய்விடுங்கள், காற்று பலமாக அடிக்கும், மழை குறைவு. குழந்தைகளோ நடந்து பழகாதவர்களோ கூட இருந்தால் அப்புத்தளையில் தங்கி, மனமிருப்பவர்கள் மட்டும் இரண்டு நாள் பெக்கோ கட்டங்களை நடக்கலாம். எங்கே போவதாக இருந்தாலும் ஒன்று: 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகத்தில் பெரிய மண்சரிவுகள் ஏற்பட்டன, பாதைகளும் ரயில் வழியும் சேதமடைந்தன. பணம் கட்டும் முன் தங்கப்போகும் வீட்டுக்காரரிடமே போன் போட்டு, எந்தக் கட்டம் இப்போது நடக்கிற நிலையில் இருக்கிறது, பஸ் எதுவரை வருகிறது என்று கேட்டுவிடுங்கள்.