கெட்ஆர்கனெல்: நான்கு வருடங்களும் இரண்டு இலைகளும்

செடியின் டிஎன்ஏ துண்டுகளைக் கோர்த்துப் பசுங்கணிக ஜீனோமை (இலைக்குப் பச்சை நிறம் தரும் உறுப்பின் முழு டிஎன்ஏவை) எடுத்துத் தரும் மென்பொருள் கெட்ஆர்கனெல். நான்கு வருடங்களாக அதைப் பயன்படுத்திய அனுபவம் இது.

அழகர்மலை அடிவாரத்தில் அந்த செரோபீஜியா கொடியைப் பார்த்தபோது அதில் ஒன்பது இலைகள்தான் இருந்தன. எருக்குக்கு உறவுச் செடி. குடுவை போன்ற பூவுக்குள் சின்ன ஈக்களை அடைத்து வைத்து, மகரந்தத்தை ஒட்டி அனுப்பும். அனுமதி இருந்தும் இரண்டு இலைகளுக்கு மேல் கிள்ள மனம் வரவில்லை.

முதல் இலையைச் செய்தித்தாளில் வைத்துக் காயவைத்தேன். பழுத்துப் பழுப்பாகிவிட்டது, டிஎன்ஏவும் கொழகொழவென்று வந்தது. இரண்டாவது இலையைக் கிள்ளிய கையோடு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டேன், உப்பு அதிகம் சேர்த்த சிடாப் முறையில் (இலையை ஒரு வேதிக் கரைசலில் கரைத்து) டிஎன்ஏவைப் பிரித்தேன். அதில் பாதி இலையே போதுமானதாக இருந்தது.

இலை செல்லில் பசுங்கணிக ஜீனோமுக்குப் பிரதிகள் ஏராளம். அதனால் மொத்த டிஎன்ஏவின் எழுத்து வரிசையை மேலோட்டமாகப் படித்தாலே அதன் துண்டுகள் நிறையக் கிடைக்கும். கெட்ஆர்கனெல் அவற்றை மட்டும் பொறுக்கி, கோர்த்து, வட்டமாக மூடித் தருகிறது. என் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடியது. மே மாத மதுரையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வழி இருக்கிறது. இதற்காகவே நான் வேறு மென்பொருளுக்கு மாறவில்லை.

குறையும் உண்டு. கடைசியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு ஜீனோம் கோப்புகள் வந்து நிற்கும். முதல் தடவை பதறிப்போனேன், ஒரு வாரம் வீணானது. பசுங்கணிக ஜீனோமில் ஒரே பகுதி இரண்டு முறை, ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் கிடக்கும்; அவற்றுக்கு நடுவே உள்ள சிறு பகுதி சில பிரதிகளில் ஒரு திசையிலும் மற்றவற்றில் எதிர்த் திசையிலும் இருக்கும், அவ்வளவுதான். பீன்ஸ் செடியில் 1983-லேயே காட்டிவிட்டார்கள். இதை வழிகாட்டியில் இன்னும் எடுப்பாகச் சொல்லலாம்.

ஜீன்களுக்குப் பெயரிடுவது இதன் வேலை இல்லை. அதற்கு நான் ஜீசெக் என்ற வேறொரு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். பெட்-பி, பெட்-டி, ஆர்பிஎல்16 ஆகிய ஜீன்களின் முதல் எக்ஸான் (ஜீனின் பயன்படும் துண்டு) சில எழுத்துகளே என்பதால் அதைத் தவறவிடும். கையால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம், எருக்குக் குடும்பத்தில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இதே குடும்பத்து அஸ்கிளீபியாஸ் செடியில் மைட்டோகாண்ட்ரியத்தின் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பின்) டிஎன்ஏ துண்டு ஒன்று பசுங்கணிக ஜீனோமுக்குள் புகுந்திருப்பது 2013-இல் தெரியவந்தது. எனவே வட்டம் மூடியதும் முடிந்தது என்று எழுந்துவிடாமல், ரீடுகளை (படித்தெடுத்த டிஎன்ஏ துண்டுகளை) மறுபடி அதன்மேல் பொருத்தி, எங்காவது ஆழம், அதாவது ஓரிடத்தில் பொருந்தும் ரீடுகளின் எண்ணிக்கை, திடீரென ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன்.

அரிய செடிக்கு இந்த வழியைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். இரண்டாவது இலையின் மீதிப் பாதி இன்னும் சிலிக்கா டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.