150-600 ஜூம் லென்ஸும் நீர்ப்பறவைகளும்: சில வலசைப் பருவங்களுக்குப் பிறகு

முக்கியமாக வாத்துகளைப் படமெடுக்கத்தான் 150-600 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். பள்ளிக்கரணை, கரிக்கிளி, கூந்தன்குளம் என்று சில வலசைப் பருவங்கள் அதைத் தோளில் சுமந்தாயிற்று. வாங்க யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

ஏ.பி.எஸ்.-சி கேமராவில் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் உள்ளது) 600 மி.மீ. என்பது ஏறக்குறைய 900 மி.மீ.க்குச் சமம். கரையோரம் மேயும் புள்ளி மூக்கு வாத்துக்கு அது தாராளம். அலகு நுனியின் மஞ்சளும் அடியில் இருக்கும் சிவப்புப் பொட்டும் பளிச்சென்று விழும். ஏரி நடுவே மிதக்கும் ஊசிவால் வாத்துக் கூட்டத்துக்கு எந்த லென்ஸும் போதாது. தூரம் மட்டும் காரணமல்ல, கானலும்தான். வெயில் ஏறிவிட்டால் நீர்ப்பரப்பின் மேல் காற்று நெளிய ஆரம்பித்துவிடும். ஃபோகஸ் சரியாக இருந்தாலும் இறகெல்லாம் கரைந்துபோய்த் தெரியும். லென்ஸில் கோளாறு என்று முடிவுகட்டுமுன் அதே இடத்தில் விடியற்காலையில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

600-இல் லென்ஸின் துளை f/6.3 தான், அதிக வெளிச்சம் உள்ளே விடாது என்பதால் விடியற்காலையில் ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளியுணர்திறன்) 3200 வரை ஏற்ற வேண்டியிருக்கும். தயங்காமல் ஏற்றுங்கள். பறக்கும் வாத்துக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறைந்தால் சிறகு குழம்பிவிடும்.

இந்த லென்ஸ் எனக்குச் செய்த பெரிய உதவி, பறவையை இனம்காண வைத்ததுதான். அக்டோபரில் வந்திறங்கும் ஆண் வாத்துகள் பலவும் பெட்டையைப் போலவே மங்கிய பழுப்பில் இருக்கும். ஆண் நீலச்சிறகி வாத்துக்குக் கண்ணுக்கு மேல் அந்த அழகான வெள்ளைப் பட்டை தெளிவாக வர ஜனவரி தாண்டிவிடும். அதுவரை எது ஆண், எது பெண்? சிறகைப் பார்க்க வேண்டும். குளித்து, இறகு கோதி முடித்த வாத்து தண்ணீரில் நிமிர்ந்து எழுந்து இரண்டு மூன்று முறை படபடவென்று சிறகடிக்கும். அந்தக் கணத்தில் முன்சிறகு வெளிர் சாம்பல் நீலமாகத் தெரிந்தால் ஆண். கோதத் தொடங்கியதுமே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் போதும். பறவையைக் கிளப்பிவிட்டுப் படமெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இமயம் தாண்டிக் கூந்தன்குளம் வரும் பட்டைத்தலை வாத்தைக் கைதட்டிப் பறக்கவிடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எடை இரண்டு கிலோ. கையில் பிடித்து அரை மணி நேரம் நிற்க முடியாது. ட்ரைபாடைவிட பச்சைப்பயறு நிரப்பிய துணிப்பை எனக்கு ஒத்துவருகிறது. கரையில் வைத்துப் படுத்துவிட்டால் லென்ஸ் வாத்தின் கண்மட்டத்துக்கு இறங்கிவிடும், படமும் உயிரோடு இருக்கும். கோரைப்புல்லுக்கு நடுவே ஆட்டோஃபோகஸ் புல்லைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றை ஃபோகஸ் புள்ளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், கூட்டத்தை எண்ணவோ நடத்தையைக் கவனிக்கவோ இந்த லென்ஸ் சரிப்படாது. அதற்கு 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்கண்ணாடி) பைனாகுலர்தான். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கும் என்றால் முதலில் பைனாகுலரை வாங்குங்கள்.

சென்னை ஈரப்பதத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நிறம் மாறும் வகையாகப் பார்த்து வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே நூல் நூலாக ஏதும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.